கேப் இயர் கிளம்பும் முன்: எந்தப் பயிற்சி உதவும், எது வெறும் காகிதம்?

படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் ஓராண்டை வெளிநாட்டில் கழிக்கப் போகிறவர்களிடமிருந்தும் அவர்கள் வீட்டாரிடமிருந்தும் நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. கிளம்பும் முன் எடுக்க வேண்டிய பயிற்சிகளைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: கிளம்ப இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டு பயிற்சிதான் கட்டுப்படியாகும். எந்த இரண்டு?

நீச்சலும் முதலுதவியும். எந்த நாட்டுக்குப் போகிறீர்கள், அங்கே என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்காமலேயே இதைச் சொல்லிவிடலாம். மற்றப் பயிற்சிகள் எல்லாம் போகிற வேலையைப் பொறுத்து மாறும்.

நீச்சல் தெரியும் என்பவர்களும் ஒருமுறை தங்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும். நிற்காமல் 200 மீட்டர் நீந்துங்கள். வேகம் முக்கியமில்லை, எந்த முறையில் நீந்தினாலும் சரி. பிறகு எதையும் பிடிக்காமல் 10 நிமிடம் மிதந்து நில்லுங்கள். காற்று உருளையோடு கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபாவின் அடிப்படை வகுப்பில் கேட்கும் அளவுகோலும் இதுதான். சின்ன வயதில் நீச்சல் கற்று அப்படியே விட்டவர்கள் பலர் இரண்டாவது சோதனையில் திணறுவார்கள். குளத்தில் நான்கு நீட்டம் அடித்துவிட்டு ஓரத்துக் கம்பியைப் பிடித்து ஓய்வெடுத்தே பழகியிருப்பார்கள். கடலில் அந்தக் கம்பி இல்லை.

வகுப்பில் சேரும்போது பயிற்றுநரிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: மல்லாந்து அசையாமல் மிதப்பது, நின்ற நிலையில் கால் அடித்து மிதப்பது, சட்டை பேன்ட்டோடு நீரில் இறங்கிப் பழகுவது. கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் என்ன செய்வது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் அதில் மாட்டி இறக்கிறார்கள். நீரோட்டம் அவர்களை நீருக்கு அடியில் இழுப்பதில்லை. அதை எதிர்த்துக் கரையை நோக்கியே நீந்திச் சோர்ந்துபோவதுதான் உயிரைப் பறிக்கிறது. பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேளுங்கள். நீந்தத் தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்புங்கள். பல நாட்டுக் கடற்கரைகளில் சிவப்பும் மஞ்சளும் கலந்த இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் உயிர்காப்பாளர்களின் கண் இருக்கும். அந்த இரண்டுக்கும் வெளியே இறங்காதீர்கள்.

நீச்சலை இந்த வாரமே தொடங்குங்கள். முதலுதவியைக் கிளம்ப ஆறு முதல் எட்டு வாரம் இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். நீச்சல் உடம்பில் ஏற மாதங்கள் ஆகும், ஏறினால் போகாது. முதலுதவி அதற்கு நேர்மாறு: இரண்டு நாளில் வரும், சில மாதம் கையாளாமல் விட்டால் மங்கிவிடும்.

கேள்வி: முதலுதவிப் பயிற்சி என்று தேடினால் மூன்று மணி நேர ஆன்லைன் வகுப்பிலிருந்து பத்து நாள் முகாம் வரை வருகிறது. எது போதும்?

ஆம்புலன்ஸ் எவ்வளவு நேரத்தில் வந்து சேரும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். நகரத்திலேயே இருந்து படிக்கவோ வேலை செய்யவோ போகிறீர்கள் என்றால், ஒரு நாள் நேரடி வகுப்பு போதும். மலையேற்றம், பண்ணை வேலை, காட்டுயிர் முகாம், தீவுகள் என்று மருத்துவமனையிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி இருக்கப் போகிறீர்கள் என்றால், ‘வில்டர்னஸ் ஃபர்ஸ்ட் எய்ட்’ என்ற இரண்டு நாள், சுமார் 16 மணி நேரப் பயிற்சியை எடுங்கள். 70 முதல் 80 மணி நேரம் நீளும் ‘வில்டர்னஸ் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர்’ மற்றவர்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளுக்கானது. மலையேற்ற வழிகாட்டியாக வேலை பார்க்கும் எண்ணம் இல்லாதவர்கள் அதில் பணத்தைப் போட வேண்டாம்.

முழுக்க ஆன்லைனில் முடியும் வகுப்பை முதலுதவிப் பயிற்சி என்றே நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. காரணம், இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி மூச்சு கொடுக்கும் சி.பி.ஆரிலேயே தெரிந்துவிடும். பெரியவர் ஒருவருக்கு மார்பை 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இந்த எண்களை யாரும் பத்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் பயிற்சி பொம்மையின் மேல் முதல்முறை கை வைப்பவர் பெரும்பாலும் 3, 4 செ.மீ. ஆழத்திலேயே நின்றுவிடுவார். விலா எலும்பு முறிந்துவிடுமோ என்ற பயம் கையைத் தடுக்கும். இன்னொருவர் முழங்கையை மடக்கி அழுத்துவார். ஒரு நிமிடத்தில் தோள் ஓய்ந்துவிடும். வேறொருவர் ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் கையைத் தளர்த்தாமல் மார்பின் மேலேயே சாய்ந்திருப்பார். மார்பு முழுதாக மேலே வந்தால்தான் இதயத்தில் மறுபடி ரத்தம் நிரம்பும். இந்த மூன்று தவறையும் திரையைப் பார்த்து யாராலும் திருத்திக்கொள்ள முடியாது. பக்கத்தில் நிற்கும் பயிற்றுநர் முழங்கையைத் தட்டி நிமிர்த்த வேண்டும். ஆகவே சேரும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை பேருக்கு ஒரு பொம்மை? இரண்டு மூன்று பேருக்கு ஒன்று என்றால் நல்லது. பத்துப் பேருக்கு ஒன்று என்றால், பெரும்பாலான நேரம் வேடிக்கைதான் பார்ப்பீர்கள்.

பாடத்திட்டத்தில் சி.பி.ஆர். தவிர இவையும் இருக்கின்றனவா என்று பாருங்கள்:

கடும் ரத்தப்போக்கு: காயத்தை நேரடியாக அழுத்துவது, ஆழமான காயத்துக்குள் துணியைத் திணித்து அழுத்துவது, கட்டுப்படாவிட்டால் டூர்னிக்கே (கை காலை இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்தும் பட்டை) போடுவது. காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல், போட்ட நேரத்தை எழுதிவைத்து.

தீக்காயம்: ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம். வீங்கும் முன் மோதிரம், வளையலைக் கழற்றிவிட வேண்டும். பனிக்கட்டி, பற்பசை எதுவும் கூடாது.

வயிற்றுப்போக்கு: ஓராண்டுப் பயணத்தில் நிச்சயமாகப் பயன்படப்போவது இதுதான். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் சுத்தமான நீருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிப்போனால் ஆபத்து. கண்ணளவில் போடக் கூடாது.

வெப்பத்தாக்கு: வெயிலில் வேலை செய்பவர் குழப்பமாகப் பேச ஆரம்பித்தால் அது வெறும் களைப்பு இல்லை. ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திருக்காமல், அங்கேயே உடம்பு முழுவதையும் குளிர்விக்கத் தொடங்க வேண்டும்.

உயரத்தில் வரும் நோய்: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும். தலைவலியோடு இருப்பவரை ஒரு கோட்டின் மேல் நடக்கச் சொல்லுங்கள், ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரலைத் தொடும்படி. தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல், துணையோடு உடனே கீழே இறக்க வேண்டும். இதைச் செய்துபார்க்க எந்தக் கருவியும் வேண்டாம் என்பதால், எல்லாரும் கற்றிருக்க வேண்டியது என்று நினைக்கிறோம்.

கேள்வி: ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே ஓராண்டு சுற்றலாம் என்று திட்டம். 120 மணி நேர டெஃபல் சான்றிதழ் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. செல்ட்டா பல மடங்கு விலை. வித்தியாசம் அவ்வளவு இருக்கிறதா?

இருக்கிறது. டெஃபல் என்பது, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கு அதைக் கற்பிக்கும் ஒரு துறையின் பெயர். அதற்கென்று ஒரே ஓர் அமைப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் சான்றிதழ் அச்சடிக்கலாம். அங்கீகாரம் பெற்றது என்று எழுதியிருக்கும். அங்கீகாரம் கொடுத்தது யார் என்று தேடிப்போனால், சில சமயம் அதே நிறுவனத்தார் தொடங்கிய இன்னொரு பெயர்ப்பலகையில் போய் முடியும். செல்ட்டாவை கேம்பிரிட்ஜ் நடத்துகிறது, செர்ட்டெசால் என்ற இன்னோர் ஆசிரியர் சான்றிதழை லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்துகிறது. இரண்டிலும் வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் வருவார்.

செல்ட்டாவில் குறைந்தது 120 மணி நேர வகுப்பு, அதற்குள் உண்மையான மாணவர்களுக்கு 6 மணி நேரம் நீங்களே பாடம் நடத்த வேண்டும், இரண்டு வெவ்வேறு நிலை வகுப்புகளில். அனுபவமுள்ள ஆசிரியர்கள் நடத்தும் வகுப்பில் 6 மணி நேரம் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். நான்கு எழுத்துப் பணிகள். முழுநேரமாகச் செய்தால் நான்கு, ஐந்து வாரம். அந்த வாரங்களில் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். இரவில் பாடத்திட்டம் எழுதியே நேரம் போய்விடும்.

அந்த 6 மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். புது ஆசிரியர் ஒருவர் ‘ஹீ யூஸ்டு டு ஸ்மோக்’ என்ற வாக்கியத்தை விளக்கிவிட்டு, புரிந்ததா என்று கேட்பார். வகுப்பே தலையாட்டும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பயிற்றுநர் அதைக் குறித்துக்கொள்வார். பாடம் முடிந்ததும் சொல்வார்: “புரிந்ததா என்று கேட்காதீர்கள். முன்பு அவர் புகைபிடித்தாரா? ஒருமுறையா, வழக்கமாகவா? இப்போது பிடிக்கிறாரா? இப்படிக் கேளுங்கள்.” அடுத்த நாள் அதே ஆசிரியர் அப்படிக் கேட்கும்போது, தலையாட்டியவர்களில் பாதிப் பேருக்குப் புரியவில்லை என்று தெரியவரும். இந்தத் திருத்தம் கிடைக்காமலே 120 மணி நேரமும் ஆன்லைனில் கேள்விக்கு விடை குறித்து முடித்தவர், முதல் நாள் முப்பது பேர் முன்னால் நிற்கும்போது தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்தின் விலையை மாணவர்கள் கொடுக்கிறார்கள் என்பதுதான் எங்களுக்குக் கவலை.

பண நெருக்கடி என்றால் நடுவழி உண்டு: மாணவர்களோடு நேரடிப் பயிற்சி உள்ள டெஃபல் வகுப்பைத் தேடுங்கள். மொத்தம் எத்தனை மணி நேரம் என்று கேட்காமல், கண்காணிப்போடு நான் பாடம் நடத்தும் நேரம் எவ்வளவு என்று கேளுங்கள். தன்னார்வமாக வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பேச்சுப் பயிற்சி மட்டும் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஆன்லைன் வகுப்பே போதும்.

பணம் கட்டும் முன் விசாவைப் பாருங்கள். எவ்வளவு உயர்ந்த சான்றிதழும் விசாவின் நிபந்தனையை ஈடுகட்டாது. தென்கொரியாவின் இ-2 ஆசிரியர் விசாவுக்கு இளங்கலைப் பட்டம் வேண்டும். பொதுவாக, குறிப்பிட்ட ஏழு ஆங்கில நாடுகளில் ஒன்றின் குடியுரிமையும் வேண்டும். சீனாவிலும் பட்டம் கட்டாயம். பள்ளிப்படிப்பை முடித்தவுடனே கிளம்புகிறவர்களுக்கு இந்தக் கதவுகள் திறக்காது. பட்டம் இருப்பவர்கள் பட்டச் சான்றிதழுக்கும் காவல்துறைச் சான்றிதழுக்கும், ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அப்போஸ்டில் முத்திரை வாங்கவேண்டி வரும். அது 1961-ம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தின்படி, ஆவணத்தை வழங்கிய நாட்டிலேயே வாங்க வேண்டியது. வெளிநாட்டில் இருந்துகொண்டு அதை வாங்க அலைவது பெரிய தொந்தரவு.

கேள்வி: ஸ்கூபாவை இங்கேயே கற்றுக்கொண்டு போவதா, போகிற தீவில் கற்பதா?

பாதியை இங்கே, பாதியை அங்கே. ரெஃபரல் என்று இதற்கு ஓர் ஏற்பாடே இருக்கிறது: பாடமும் நீச்சல்குளப் பயிற்சியும் ஊரில் முடித்துவிட்டு, நான்கு கடல் டைவ்களை (மூழ்கல்களை) மட்டும் போகிற இடத்தில் செய்யலாம். ஸ்கூபா சான்றிதழ் தரும் பி.ஏ.டி.ஐ. அமைப்பின் ரெஃபரல் 12 மாதம் செல்லும். விடுமுறை நாளை ஒரு குளத்தில் கழிக்க வேண்டியிருக்காது, அவசரமும் இருக்காது. முகமூடிக்குள் நீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றும் பயிற்சி சிலருக்குப் பத்து நிமிடத்தில் வரும், சிலருக்கு மூன்று நாள் ஆகும். மூன்று நாள் தேவைப்படுகிறவர் மூன்று நாளே இருக்கும் தீவுப் பயணத்தில் கற்கக் கூடாது. கடலில் 12 மீட்டர் ஆழத்தில் பதறி மேலே பாய்வது இவர்களில்தான் அதிகம். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து அதைக் கிழித்துவிடும். மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது ஸ்கூபாவின் முதல் விதியாக இருப்பது இதனால்.

இங்கே தொடங்குவதில் இன்னொரு லாபம் மருத்துவப் படிவம். ஆஸ்துமா, வலிப்பு, காது அறுவைச் சிகிச்சை போன்றவற்றைப் பற்றிய கேள்விகளில் ஒன்றுக்கு ஆம் என்று எழுதினாலும் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் நீரில் இறக்க மாட்டார்கள். தீவில் போய் அந்தப் படிவத்தைப் பார்ப்பவர்கள், மருத்துவர் கிடைக்காமல் எல்லாவற்றுக்கும் இல்லை என்று எழுதிவிட்டுக் குதிக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படைச் சான்றிதழ் 18 மீட்டர் ஆழம் வரை, அடுத்த நிலையான அட்வான்ஸ்டு 30 மீட்டர் வரை. பி.ஏ.டி.ஐ.யா, அதேபோன்ற எஸ்.எஸ்.ஐ. அமைப்பா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றை மற்றது ஏற்கும். பயிற்றுநர் ஒருவருக்கு எத்தனை மாணவர் என்பதுதான் முக்கியம். கடலில் உச்சவரம்பு எட்டுப் பேர். நான்கு பேரோடு நிறுத்திக்கொள்ளும் டைவ் கடையைத் தேடுங்கள். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில், ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம் விட வேண்டும். பயணக் காப்பீடு எத்தனை மீட்டர் வரை பொறுப்பேற்கிறது என்பதையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

மூழ்குபவர்களை அழைத்துச் செல்லும் டைவ்மாஸ்டர் ஆகி அங்கேயே வேலை பார்க்கும் ஆசை இருந்தால் 18 வயதும், தொடங்க 40 டைவும், முடிக்க 60 டைவும் வேண்டும். அதற்கு முன் ரெஸ்கியூ டைவர் என்ற மீட்புப் பயிற்சியை முடிக்க வேண்டும். அதற்கு 24 மாதத்துக்குள் எடுத்த முதலுதவிச் சான்று வேண்டும். மேலே சொன்ன முதலுதவி வகுப்பு இங்கே இன்னொரு முறை உதவும். ஆனால் அதை டைவ் நிறுவனம் ஏற்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என் மகன் தென்கிழக்கு ஆசியாவில் ஆறு மாதம் சுற்றப் போகிறான். எல்லோரும் அங்கே பைக் வாடகைக்கு எடுக்கிறார்களாம். கார் லைசென்ஸ் இருக்கிறது, சர்வதேசப் பர்மிட் வாங்கிக்கொள்கிறேன், போதும் என்கிறான். சரிதானா?

சரியில்லை அம்மா. சர்வதேச ஓட்டுநர் பர்மிட் புதிதாக எந்த உரிமையையும் தருவதில்லை. ஊரில் உள்ள லைசென்ஸை மற்ற நாட்டார் படிக்கும்படி மொழிபெயர்த்துத் தரும் தாள் அது. ஊர் லைசென்ஸில் இருசக்கர வாகனப் பிரிவு இல்லாவிட்டால் பர்மிட்டிலும் அந்தக் கட்டத்தில் முத்திரை விழாது. வாடகைக் கடைக்காரர் இதையெல்லாம் கேட்க மாட்டார், சாவியைக் கொடுத்துவிடுவார். விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் கேட்கும். உரிமம் இல்லாமல் ஓட்டினார் என்று மருத்துவச் செலவைத் தர மறுத்துவிட்டால், அறுவைச் சிகிச்சை, விமான ஆம்புலன்ஸ் எல்லாம் குடும்பத்தின் தலையில் விழும்.

ஆகவே முதல் வேலை ஊரில் இருசக்கர வாகன லைசென்ஸ். இரண்டாவது, அந்தப் பிரிவோடு சேர்ந்த பர்மிட். அதை லைசென்ஸ் கொடுத்த நாடுதான் தரும், கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி ஒன்று, 1968 வியன்னா ஒப்பந்தப்படி இன்னொன்று என இரண்டு வகை இருக்கிறது. முதலாவது ஓராண்டு செல்லும், இரண்டாவது மூன்றாண்டு வரை. போகிற நாடு எதை ஏற்கிறது என்று பாருங்கள். ஜப்பான் 1949 வகையைத்தான் ஏற்கும். ஓராண்டு பர்மிட்டை ஆறு மாதம் முன்னதாக வாங்கி வைத்தால் ஓராண்டுப் பயணத்தின் பாதியில் காலாவதியாகிவிடும்.

மூன்றாவது, லைசென்ஸ் தேர்வோடு நிறுத்தாமல் ஒரு நாள் பாதுகாப்பு ஓட்டப் பயிற்சி. அதில் மெல்லப் போகும்போது சமநிலை, முன்பிரேக்கை இறுகப் பிடிக்காமல் படிப்படியாக அழுத்துவது, மணலிலும் சரளையிலும் திருப்புவது, வளைவில் பார்வையை வெளியேறும் பக்கம் வைப்பது ஆகியவற்றைக் கேளுங்கள். புதிதாக ஓட்டுபவர் பயந்த நொடியில் பின்பிரேக்கை மட்டும் மிதிப்பார். பைக்கை நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன்சக்கரத்தில் இருக்கிறது. தலைக்கவசத்தை ஊரிலேயே வாங்கி அனுப்புங்கள், உள்ளே இ.சி.இ. 22.06 என்ற தர முத்திரை இருக்கட்டும். வாடகைக் கடையில் தொங்குவதை நம்ப வேண்டாம்.

கேள்வி: மூன்று மாதத்தில் ஒரு மொழியை எவ்வளவு கற்க முடியும்?

சரளமாகப் பேச முடியாது. அமெரிக்க வெளியுறவுத்துறைப் பயிற்சி நிறுவனம் ஆங்கிலம் பேசுபவர்களுக்குப் போடும் கணக்கில், ஸ்பானிஷில் வேலை செய்யும் அளவுக்கு வர 600 முதல் 750 வகுப்பு மணி நேரம், ஜப்பானியம், கொரியம், சீனம், அரபு என்றால் 2,200 மணி நேரம். நீங்கள் வாரம் 5 மணி நேரம் ஒதுக்கினால் மூன்று மாதத்தில் 60 மணி நேரம். ஏ1 என்ற முதல் படியை எட்டலாம். அதுவே பெரிய காரியம்.

அந்த 60 மணி நேரத்தைப் பிரிப்பதில் எங்கள் யோசனை இது. முதல் பத்து மணி நேரத்தை ஒலிக்கும் எழுத்துக்கும் கொடுங்கள். கொரிய எழுத்தைச் சில நாளில் படிக்க வரும். தாய் எழுத்துக்கு வாரக்கணக்கில் ஆகும். பிறகு எண்கள். ஒன்று முதல் பத்து சொல்லத் தெரிவது போதாது. விலையைச் சொன்னால் காதில் விழுந்த நொடியில் புரிய வேண்டும். பயிற்றுநரை ஆயிரம் வரை தாறுமாறாகச் சொல்லச் சொல்லி எழுதிப் பழகுங்கள். பிறகு உடம்பின் உறுப்புகள், வலி, ஒவ்வாமை. இலக்கணத்தை மூன்றாம் மாதத்துக்கு ஒத்திப்போடலாம். ஆப் மட்டும் வைத்துக் கற்றவர்களுக்கு வாசிக்க வரும், எதிரே ஒருவர் வேகமாகப் பேசினால் ஒன்றும் புரியாது. வாரம் ஒரு மணி நேரமாவது மனிதரோடு பேசுங்கள்.

பயணத்தின் முதல் மாதத்தையே மொழிப்பள்ளியில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. ஸ்பானிஷுக்கு குவாத்தமாலாவின் ஆன்டிகுவா நகரம் இதற்குப் பேர்போனது. ஒரு மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்ற முறையில் அங்கே நடத்துகிறார்கள்.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் வேலை விடுமுறை விசாவில் போகிறேன். காபி கடை, மதுக்கூடம், கட்டட வேலை எதுவானாலும் பரவாயில்லை. என்ன பயிற்சி எடுக்கலாம்?

காபி போடும் பாரிஸ்டா பயிற்சியை ஊரில் எடுங்கள், மற்றவற்றை அங்கே. மது பரிமாற, பொறுப்போடு பரிமாறுவதற்கான ஆர்.எஸ்.ஏ. சான்று கட்டாயம். எந்தச் சான்று செல்லும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எந்த மாநிலத்தில் இறங்குவது என்று தெரியுமுன் எடுத்தால் மறுபடி எடுக்கவேண்டி வரலாம். கட்டட வேலைக்கு ஒயிட் கார்டு என்ற பாதுகாப்புப் பயிற்சி அட்டை வேண்டும். அதையும் போய்ச் சேர்ந்தபின் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் எடுக்கலாம்.

ஒரு நாள் பாரிஸ்டா வகுப்பு தொடக்கம்தான். 18 கிராம் தூளில் 36 கிராம் எஸ்பிரெஸோ, 25 முதல் 30 வினாடிக்குள் இறங்க வேண்டும் என்பது பொதுவான தொடக்க அளவு. 15 வினாடியில் கொட்டினால் அரைப்பு கொரகொரப்பாக இருக்கிறது, காபி புளிக்கும். 45 வினாடி சொட்டினால் அரைப்பு நைசாகிவிட்டது, கசக்கும். பாலில்தான் எல்லோரும் தோற்பது: குவளை கைக்கு வெதுவெதுப்பாகும் வரை மட்டும் காற்றை உள்ளே விட வேண்டும், பிறகு நீராவிக் குழாயைச் சற்று ஆழத்தில் இறக்கிச் சுழலவிட வேண்டும், 60 முதல் 65 டிகிரியில் நிறுத்த வேண்டும். 70-ஐத் தாண்டினால் பாலின் இனிப்பு போய்விடும். வகுப்புக்குப் பிறகு ஏதாவது ஒரு கடையில் இரண்டு வாரமாவது கூட்ட நேரத்தில் நின்று பழகுங்கள். வேலை கேட்டுப் போகும் கடையில் பெரும்பாலும் சான்றிதழைப் பார்க்க மாட்டார்கள்; மெஷினுக்கு முன்னால் நிறுத்திப் போடச் சொல்வார்கள்.

கேள்வி: பாய்மரப் படகுகளில், யாட் என்ற சொகுசுப் படகுகளில் வேலை கிடைக்குமாமே?

சம்பளத்துக்குப் போவதென்றால், கப்பல் பணியாளர்களுக்கான சர்வதேசப் பயிற்சித் தரமான எஸ்.டி.சி.டபிள்யூ.வின் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி வேண்டும். கடலில் உயிர் பிழைத்தல், தீயணைப்பு, அடிப்படை முதலுதவி, தனிநபர் பாதுகாப்பும் பொறுப்பும் என்று நான்கு பகுதி. பாதுகாப்பு விழிப்புணர்வுப் பாடத்தையும் சேர்த்தே பெரும்பாலும் நடத்துவார்கள். ஒரு வாரத்துக்குள் முடியும். தீயணைப்பை உண்மையான புகைக்குள்ளும், கவிழ்ந்த உயிர்காப்புத் தெப்பத்தை நிமிர்த்துவதை நீருக்குள்ளும் செய்யவைப்பார்கள். இதில் ஆன்லைன் பேச்சுக்கே இடமில்லை. மருத்துவத் தகுதிச் சான்றை முதலில் வாங்குங்கள். நிறக்குருடு இருந்தால் சில பணிகள் கிடைக்காது என்பது பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் தெரிய வேண்டும்.

கேள்வி: ஜி.பி.எஸ். இருக்கும்போது வரைபடமும் திசைகாட்டியும் எதற்கு?

பேட்டரி தீரும், திரை உடையும், குளிரில் போன் அணையும். ஒரு நாள் வகுப்பு போதும். ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: காந்த வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள கோண வித்தியாசத்தைத் திருத்துவது. நியூசிலாந்தில் இது சுமார் 20 டிகிரி. திருத்தாமல் ஒரு கிலோமீட்டர் நடந்தால் போகவேண்டிய இடத்திலிருந்து சுமார் 350 மீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். வட அரைக்கோளத்துக்காகச் செய்த திசைகாட்டியின் முள் தெற்கே போனால் சாய்ந்து உரசும். அங்கே போகிறவர்கள் உலகம் முழுதுக்குமான முள் உள்ளதை வாங்க வேண்டும்.

கேள்வி: மகள் இரண்டு வாரம் ஓர் அனாதை இல்லத்தில் சேவை செய்ய விரும்புகிறாள். அதற்கு என்ன பயிற்சி?

அந்த இரண்டு வாரத்தை அவள் கைவிட வேண்டும் என்றுதான் சொல்வோம். அவளுடைய நல்ல மனத்தைக் குறை சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புது ஆள் வந்து கொஞ்சிவிட்டுப் போவதால் குழந்தைகள் ஒட்டுவதும் பிரிவதுமாகவே வளர்கிறார்கள். பணம் கொடுக்கும் விருந்தாளிகள் வருவதாலேயே, பெற்றோர் உயிரோடிருக்கும் குழந்தைகளைக் கொண்டுவந்து வைக்கும் இல்லங்களும் உண்டு. பின்புலச் சோதனையே இல்லாமல் யாரையும் குழந்தைகளோடு விடும் இடம் குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது இல்லை.

குழந்தைகளோடு வேலை செய்வதே அவள் விருப்பமென்றால், குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி ஒன்றை முடித்து, காவல்துறைச் சான்றும் வாங்கிக்கொண்டு, உள்ளூர் ஆசிரியருக்கு உதவியாளாகக் குறைந்தது மூன்று மாதம் இருக்கக்கூடிய பள்ளியைத் தேடட்டும். அவளிடம் அந்தச் சான்றைக் கேட்காமலேயே சேர்த்துக்கொள்ளும் இடத்தைத் தவிர்க்கட்டும்.

கேள்வி: எடுத்த சான்றிதழ்களை எப்படி வைத்துக்கொள்வது?

ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: சான்றின் பெயர், எண், காலாவதி நாள். முதலுதவி பெரும்பாலும் இரண்டாண்டு, சில நாடுகளில் மூன்றாண்டு. எஸ்.டி.சி.டபிள்யூ. பயிற்சியில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய பகுதிகள் உண்டு. செல்ட்டாவுக்குக் காலாவதி இல்லை. பயணத்தின் நடுவில் முடிகிற எதையும் கிளம்பும் முன் புதுப்பித்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுத்துக்கு எழுத்து பெயர் இருக்கிறதா என்று, சான்று கைக்கு வந்த அன்றே பாருங்கள். இனிஷியலை விரித்து எழுதியது, எழுதாதது என்ற வித்தியாசத்துக்கே வேலை விண்ணப்பம் திரும்பி வரும். பயிற்சி நிலையத்திடம் திருத்தி வாங்குவது முதல் வாரத்தில் எளிது, ஆறு மாதம் கழித்து வேறு நாட்டிலிருந்து கேட்டால் இழுத்தடிக்கும். ஸ்கேன் செய்த பிரதியை மின்னஞ்சலில் ஒன்று, வீட்டாரிடம் ஒன்று. அப்போஸ்டில் போட்ட மூலத்தை லேமினேட் செய்யாதீர்கள். முத்திரையைத் தொட்டுப் பார்க்க முடியாது என்று சில அலுவலகங்களில் ஏற்க மாட்டார்கள்.